ஒரு வீடியோ ஓடுவதற்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா?

கைப்பேசித் திரையில் ஒரு பாட்டைத் தட்டுகிறீர்கள். அடுத்த நொடி அது ஓடத் தொடங்குகிறது. சாதாரண விஷயம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அந்த ஒரு நொடிக்குப் பின்னால் 50 ஆண்டு உழைப்பு இருக்கிறது. இணையதளத்தில் ஒலியும் ஒளியும் ஏற்றக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பாடமே விசித்திரமானது. எதைச் சேர்ப்பது என்பதல்ல, எதைத் தூக்கி எறிவது என்பதுதான் அந்தப் பாடம்! எவ்வளவு எறிகிறோம் தெரியுமா? வாருங்கள், பார்க்கலாம்!

ஒரு மணி நேரத்துக்கு 671 ஜிகாபைட்!

எச்.டி. வீடியோவின் ஒரே ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் தெரியுமா? 1920-ஐ 1080-ஆல் பெருக்குங்கள். 20,73,600! ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக, ஒரு படத்துக்கு மட்டும் 62 லட்சம் பைட்! நொடிக்கு 30 படம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 671 ஜிகாபைட்! அப்படியே சேமித்தால் 256 ஜிகாபைட் போன் 23 நிமிடத்தில் நிரம்பிவிடும்!

300-ல் ஒரு பங்குதான் உங்களுக்கு வருகிறது!

அதே வீடியோ இணையத்தில் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 50 லட்சம் பிட் இருந்தாலே படம் பளிச்சென்று தெரியும். கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 2.25 ஜிகாபைட். ஏறக்குறைய 300-ல் ஒரு பங்கு! மிச்சம் 299 பங்கு போனதே தெரியாமல் நீங்கள் ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள்! அந்த வேலையைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் கோடெக் என்று பெயர்.

‘ரொம்ப எளிது’ என்று தள்ளப்பட்ட யோசனை!

இந்தச் சுருக்கும் வித்தைக்கு அடிப்படைக் கணிதம் யாருடையது தெரியுமா? பெங்களூரில் பிறந்த நசீர் அகமதுவுடையது! 1972-ல் இந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அவர் நிதி கேட்டார். கிடைக்கவில்லை! மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கு யோசனை மிகவும் எளிதாகத் தெரிந்ததாம்! அவர் விடவில்லை. நிதியில்லாமலே வேலையைத் தொடர்ந்து, டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரையை வெளியிட்டார். மொத்தம் எத்தனை பக்கம்? வெறும் 4! அதன் வாரிசுகள்தான் இன்று ஜேபெக் புகைப்படத்திலும், எம்பி3 பாட்டிலும், எச்.264 வீடியோவிலும் வேலை செய்கின்றன. இன்னொன்று தெரியுமா? அந்த மூவரில் கே. ஆர். ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர்!

உங்கள் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது!

நம்ப முடிகிறதா? மனிதக் கண் வெளிச்ச வித்தியாசத்தைத் துல்லியமாகப் பிடிக்கும். நிற வித்தியாசத்தில் கோட்டை விடும்! அதனால் நான்கு புள்ளிகளுக்கு வெளிச்சத்தைத் தனித்தனியாகவும், நிறத்தை ஒரே ஒரு தடவையும் பதிவு செய்கிறார்கள். இந்த ஒரு தந்திரத்திலேயே கோப்பு பாதியாகிவிடுகிறது! நீங்கள் இணையத்தில் பார்க்கும் வீடியோ அநேகமாக எல்லாமே இப்படித்தான்!

நாளைய படம் முதலில் வந்துவிடும்!

செய்தி வாசிப்பவர் பேசுகிறார். பின்னால் இருக்கும் சுவர் அசைவதே இல்லை. அதை நொடிக்கு 30 தடவை எதற்கு அனுப்ப வேண்டும்? அனுப்புவதே இல்லை! முழுப்படம் எப்போதாவது ஒன்றுதான். நடுவில் வருவதெல்லாம் ‘என்ன மாறியது’ என்ற குறிப்பு மட்டும்! அதைவிட வியப்பு, சில படங்கள் தமக்கு அடுத்து வரப்போகும் படத்தைப் பார்த்து உருவாகின்றன! அதனால் பின்னால் காட்ட வேண்டிய படம் முன்னாலேயே வந்து காத்திருக்கும்! வீடியோவை இழுத்து நகர்த்தும்போது சில சமயம் நீங்கள் விட்ட இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கிறதே, ஏன் தெரியுமா? அப்போது அது அருகிலிருக்கும் முழுப்படத்துக்குத் தாவிவிடுகிறது!

பக்கவாத்தியமே இல்லாத பாட்டு செய்த உதவி!

எம்பி3-ஐச் செதுக்க உதவிய பாட்டு எது தெரியுமா? சூசன் வேகா வாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’! ஜெர்மனியின் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பிழைகளைக் களைந்தார். பெரிய சத்தத்தின் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் காதில் விழாது. விழாததை எதற்கு அனுப்ப வேண்டும்? நீக்கிவிட்டார்கள்! சிடியில் நொடிக்கு 14 லட்சம் பிட். எம்பி3-யில் 1,28,000 போதும். 11-ல் ஒரு பங்கு!

44,100 எங்கிருந்து வந்தது?

சிடி ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து பதிவு செய்கிறார்கள். ஏன் 44,000 என்று முழுசாக வைக்கவில்லை? அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள்! படத்தின் ஒரு வரியில் 3 அளவு, 245 வரி, நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள், 44,100! இன்னும் கேளுங்கள். 2, 3, 5, 7 என்ற முதல் நான்கு பகா எண்களைப் பெருக்கினால் 210. அதை அதனாலேயே பெருக்கினால்? அதே 44,100!

உலகம் பார்த்த காபிப் பானை!

உலகின் முதல் வெப்கேம் எதைக் காட்டியது தெரியுமா? ஒரு காபிப் பானையை! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், மாடி ஏறி வந்தபின் பானை காலி என்றால் ஏமாற்றம்தானே? 1991-ல் அதன் எதிரே கேமராவை வைத்துவிட்டார்கள்! 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. 1993-ல் இணையத்திலும் ஏறியது. 2001-ல் கேமராவை நிறுத்தியபோது அந்தப் பானை ஏலத்தில் என்ன விலைக்குப் போனது தெரியுமா? 3,350 பவுண்ட்!

அழைக்காமலே மேடையேறிய இசைக்குழு!

1993 ஜூன் 24. சிவியர் டயர் டேமேஜ் என்ற கணினிக்காரர்களின் இசைக்குழு கலிபோர்னியாவில் வாசித்ததை ஆஸ்திரேலியாவில் நேரலையாகப் பார்க்க முடிந்தது! இணையத்தில் நேரலையாக வாசித்த முதல் குழு அதுதான். அடுத்த ஆண்டு நவம்பரில் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் அதே வழியில் வருவதாக அறிவித்தது. என்ன நடந்தது தெரியுமா? அதற்குச் சற்று முன்னால் இவர்கள் தாங்களாகவே புகுந்து வாசித்துவிட்டார்கள்!

ஒரு நாள் பார்க்க 82 ஆண்டு!

யூடியூபின் முதல் வீடியோ எவ்வளவு நீளம்? 19 நொடி! 2005 ஏப்ரல் 23 அன்று ஏறியது. சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஜாவேத் கரீம் பேசுகிறார், அவ்வளவுதான்! பிறகு? நிமிடத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறும் அளவுக்கு வளர்ந்தது! ஒரே நாளில் ஏறுவதை இரவு பகல் பாராமல் பார்த்து முடிக்க 82 ஆண்டு ஆகும்! அதற்குள் அடுத்த நாள் கணக்கு வேறு வந்துவிடும்!

எண்ணிக்கையையே முட்டிய பாட்டு!

யூடியூபின் பழைய எண்ணி எதுவரை எண்ணும் தெரியுமா? 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரை! யாராவது அதைத் தொடுவார்களா என்று நினைத்தார்கள். தென்கொரியாவின் ‘கங்னம் ஸ்டைல்’ 2014-ல் தொட்டுவிட்டது! புதிய எண்ணியின் எல்லை? 9-க்குப் பின்னால் 18 இலக்கங்கள்!

செவ்வாய்க்குப் போன இலவச மென்பொருள்!

வீடியோ தயாரிக்க லட்சக்கணக்கில் செலவாகுமா? ஆகாது! பிரான்சின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-ல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் முழுக்க இலவசம்! ஒரே வரிக் கட்டளையில் வீடியோவைச் சுருக்கும், வெட்டும், ஒலியைப் பிரிக்கும், வடிவத்தை மாற்றும். இது எங்கே போயிருக்கிறது தெரியுமா? 2021-ல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு செவ்வாய்க்கே போய்விட்டது! தரையிறங்கும் காட்சியைப் பதிவு செய்ய உதவிய அதே மென்பொருள் இன்றிரவே உங்கள் கணினியில் இறங்கும்!

0 முதல் 51 வரை ஒரு மாயத் திருகு!

எச்.264-இல் சுருக்கும்போது தரத்தை எதைக் கொண்டு முடிவு செய்வது? ஒரே ஓர் எண்! அதன் பெயர் சிஆர்எஃப். 0 என்றால் ஒன்றும் இழக்காது. 51 என்றால் படுமோசம். வழக்கமாக 23. எண்ணை 6 கூட்டினால் கோப்பு சுமார் பாதியாகும்! 6 குறைத்தால் சுமார் இரட்டிப்பாகும்! கற்றுக்கொள்ள இதைவிட சுவாரசியமான விளையாட்டு உண்டா?

தலையில் இருக்க வேண்டியது வாலில்!

நீங்கள் ஏற்றிய எம்பி4 வீடியோ உடனே ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? காரணம் கேட்டால் அசந்துபோவீர்கள்! எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. பதிவு முடிந்தால்தானே அட்டவணை போட முடியும்! பிரௌசரோ அது கிடைக்காமல் நகராது. எஃப்எஃப்எம்பெக்கில் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். வால் தலைக்கு வந்துவிடும்! தரம் துளியும் குறையாது!

ஒரு சினிமா, 9,000 துண்டு!

நீங்கள் பார்ப்பது ஒரே வீடியோ என்றா நினைத்தீர்கள்? 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில் படத்தை நறுக்கிவிடுகிறார்கள்! துண்டுக்கு 6 நொடி என்றால் இரண்டரை மணி நேரப் படம் 1,500 துண்டு. ஒவ்வொன்றும் 6 தரத்தில் என்றால் 9,000! சிக்னல் நன்றாக இருந்தால் பெரிய துண்டு வரும். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் சின்னத் துண்டு வரும். நடுவில் படம் மங்கித் தெளிகிறதே, அது இந்தத் தாவல்தான்! இத்தனையையும் கட்டி ஆள்வது எது தெரியுமா? நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு!

பக்கத்து வீட்டில் ஏன் முதலில் கத்துகிறார்கள்?

கிரிக்கெட் நேரலையில் நீங்கள் சிக்ஸரைப் பார்க்கும் முன்பே பக்கத்து வீட்டில் ஆரவாரம் கேட்கிறதா? அங்கே ஓடுவது டிவி! உங்கள் போனோ சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டுகிறது. தொடக்கத்தில் துண்டுக்கு 10 நொடி, மூன்று துண்டு கையிருப்பு. ஆக 30 நொடி தாமதம்! வீடியோ காலில் மட்டும் ஏன் இந்தத் தாமதம் இல்லை? அது வேறு வழி! வெப்ஆர்டிசி முறை துண்டு போடுவதே இல்லை, அரை நொடிக்குள் சேர்த்துவிடும்!

2.7 மெகாபைட்டில் ஒரு மணி நேரப் பேச்சு!

2012-ல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிக் கோடெக் நொடிக்கு 6,000 பிட்டிலும் பேச்சைக் கொண்டுபோகும்! ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு? 2.7 மெகாபைட்! போனில் எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தின் அளவுதான்! அதே ஓபஸ் 5,10,000 பிட் வரை ஏறி முழுக் கச்சேரியையும் தரும்! பாட்டி சொல்லும் கதையை இணையத்தில் ஏற்ற விரும்புகிறீர்களா? டேட்டா குறைவு என்பதற்காக இனித் தயங்கவே வேண்டாம்!

சத்தமில்லாவிட்டால்தான் தானாக ஓடும்!

பக்கத்தைத் திறந்ததும் வீடியோ தானாக ஓட வேண்டுமா? ஒலியை அடைத்துவிடுங்கள்! 2018 முதல் குரோம் பிரௌசர், பார்ப்பவர் கை வைக்காத வரை பொதுவாகச் சத்தத்தோடு தானாக ஓட விடுவதில்லை. அப்படியானால் முதல் சில நொடிகளை யார் புரியவைப்பது? வசன வரிகள்தான்! ஒரு முழுப் படத்தின் வசனக் கோப்பு ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது! காது கேளாதவருக்கும், சத்தமான பேருந்தில் பயணிப்பவருக்கும் அதே கோப்புதான் கதவைத் திறக்கிறது. இத்தனை பெரிய உதவிக்கு இவ்வளவு சின்ன விலையா!

ஒரு நாடே சேர்ந்து பார்த்த நேரலை!

2023 நவம்பர் 19, கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் தெரியுமா? 5.9 கோடி! இத்தாலியின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஆளுக்கு நொடிக்கு 10 லட்சம் பிட் என்று வைத்தால்கூட, நொடிக்கு 59 லட்சம் கோடி பிட்! ஒரே இடத்திலிருந்து அனுப்ப முடியுமா? முடியவே முடியாது! ஊர் ஊராக, உங்கள் இணைய நிறுவனத்தின் கட்டடத்துக்கு உள்ளேயேகூட, நகல் வைத்திருக்கும் சர்வர்கள் இருக்கின்றன. அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை இஸ்ரோவின் யூடியூப் பக்கத்தில் ஒரே நேரத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா?

இப்போது உங்கள் முறை!

படித்து வியந்தது போதுமா? செய்து பாருங்கள்! போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். மரக்கிளை காற்றில் ஆடும் காட்சி என்றால் இன்னும் நல்லது, கோடெக்குக்கு அதுதான் கடினமான பரீட்சை! எஃப்எஃப்எம்பெக்கில் அதை சிஆர்எஃப் 18, 23, 28, 33 என்று நான்கு விதமாகச் சுருக்குங்கள். கோப்பின் அளவு சரசரவென்று இறங்கும். எந்தக் கோப்பு எது என்று சொல்லாமல் வீட்டிலுள்ளவர்களிடம் காட்டுங்கள். எந்த எண்ணில் அவர்கள் முதலில் குறை சொல்கிறார்கள்? அதற்கு முந்தைய எண்தான் உங்கள் இணையதளத்துக்கு ஏற்ற எண்! பெரிய நிறுவனங்கள் பெரிய கணினிகளை வைத்துத் தேடும் அதே விடையை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள், தெரியுமா?