தீப்பிடித்தாலும் டேட்டா தப்புமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், பேக் அப் என்றாலே சி டிரைவில் உள்ள பைல்களை டி டிரைவிற்குக் காப்பி செய்வதுதான் என்று பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலும் இரண்டு டிரைவ்களும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும். அந்த டிஸ்க்கே கெட்டுப் போனால்?

ஓர் அரசாங்கத்திற்கே இது போன்ற இழப்பு ஏற்பட்டது. 2025 செப்டம்பர் 26 அன்று, தென் கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில், லித்தியம் அயன் பேட்டரிகள் இருந்த அறையில் தீப்பிடித்தது. பல நூறு அரசு சேவைகள் நின்று போயின. அரசு ஊழியர்கள் தங்கள் பைல்களைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் டேட்டா அழிந்தது. அதற்கு வேறு இடத்தில் நகல் இல்லை.

இதைத் தவிர்க்கத்தான் வங்கி போன்ற நிறுவனங்கள் ரெப்ளிகேஷன் என்ற வழியைப் பின்பற்றுகின்றன. அது எப்படிச் செயல்படுகிறது என்று பார்க்கலாம்.

1. இரண்டு ஊர், ஒரே டேட்டா: பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் பெரிய பெட்டியை ஸ்டோரேஜ் அர்ரே என்பார்கள். ஓர் ஊரில் உள்ள அர்ரேயில் எழுதப்படுவது, வேறு ஊரில் உள்ள அர்ரேயிலும் தானாகவே எழுதப்படும். இதுவே ரெப்ளிகேஷன். இதில் இரண்டு வகைகள் உண்டு.

முதல் வகையில், இரண்டு இடங்களிலும் எழுதி முடித்த பின்னரே "முடிந்தது" என்ற பதில் கிடைக்கும். எதுவும் விட்டுப் போகாது. ஆனால், பைபர் கேபிளில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோ மீட்டர்தான் செல்லும். 100 கி.மீ. தொலைவு சென்று திரும்பவே ஒரு மில்லி செகண்ட் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் எழுதும்போது, இந்தக் காத்திருப்பு வேலையை மந்தமாக்கும். எனவே, தூரம் அதிகமானால் இது சரிப்படாது.

2. லாக் தரும் பாதுகாப்பு: இரண்டாவது வகையில், உள்ளூரில் எழுதியவுடனே வேலை முடிந்துவிடும். அதே மாற்றம் லாக் என்னும் பதிவேட்டில் வரிசையாகக் குறிக்கப்பட்டு, சற்றுப் பின்னர் அடுத்த ஊருக்குச் செல்லும். இந்த வரிசை மிக முக்கியம். ஒரு கணக்கில் ரூ.500 கழித்து, இன்னொன்றில் சேர்ப்பதாக வைத்துக் கொள்வோம். வரிசை மாறிய நேரத்தில் விபத்து நடந்தால், இரண்டாவது ஊரில் கணக்கு குழம்பிவிடும். இணைப்பு அறுந்தாலும், மாற்றங்கள் லாக்கில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் விட்ட இடத்திலிருந்து செல்லும். திடீரென தீப்பிடித்தால், அனுப்பப்படாத கடைசிச் சில நொடிகளின் டேட்டா மட்டுமே போகும்.

3. தவறும் காப்பி ஆகும்: ரெப்ளிகேஷன் மட்டும் போதுமா? போதாது. ஒரு பைலைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் உடனே அடுத்த ஊருக்குச் சென்றுவிடும். 2011 பிப்ரவரியில், சாப்ட்வேர் பிழை ஒன்றினால் சிலரின் ஜிமெயில் கடிதங்கள் காணாமல் போயின. பல நகல்கள் இருந்தும் அந்தப் பிழை அவற்றையும் பாதித்தது. தனியே வைத்திருந்த டேப்களிலிருந்துதான் கூகுள் அவற்றை மீட்டது. எனவேதான் பழைய நிலைக்குத் திரும்பும் வகையில், லாக்கினைச் சில காலம் வைத்திருப்பதும், தனியே பேக் அப் எடுப்பதும் தேவையாகிறது.

4. வீட்டில் என்ன செய்யலாம்?: கூகுள் டிரைவ் போன்றவற்றில் பைல்களை சிங்க் செய்வதும் ஒரு வகை ரெப்ளிகேஷனே. கம்ப்யூட்டரில் அழித்தால் அங்கும் மறையும். ஆனால் டிரைவின் டிராஷ் பகுதியில் 30 நாட்கள் இருக்கும், அதற்குள் மீட்டிடலாம். விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பைல் ஹிஸ்டரி என்ற வசதி உள்ளது. யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கை இணைத்து இதனை இயக்கினால், மாறிய பைல்களின் பழைய பதிப்புகளும் சேமிக்கப்படும்.

இன்னொரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் மாதம் ஒரு முறை முக்கிய பைல்களைக் காப்பி செய்து, கழற்றி, உறவினர் வீட்டில் வைத்திடுங்கள். இணைக்கப்படாத டிஸ்க்கை வைரஸ் தொட முடியாது. உங்கள் வீட்டில் ஏற்படும் விபத்தும் அதைப் பாதிக்காது. அவ்வப்போது அதிலிருந்து ஒரு பைலையாவது திறந்து பாருங்கள். திறக்க முடியாத பேக் அப், இல்லாத பேக் அப்தான்.