பத்து நிமிடத் தாமதம், பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு

கோவையில் லோடு ஏற்றிச் சத்தியமங்கலம் வழியாக மைசூரு போகும் லாரி, மாலை ஆறு மணிக்குள் பண்ணாரி சோதனைச்சாவடியைத் தாண்டியாக வேண்டும். ஆறு பத்துக்கு வந்து சேர்ந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து, அங்கிருந்து ஏறும் திம்பம் மலைப்பாதையில் சரக்கு லாரிகளுக்கு மாலை 6 முதல் காலை 6 வரை தடை. வன விலங்குகள் அடிபட்டுச் சாகாமல் இருக்க வந்த உத்தரவு. அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால், லோடு ஏற்ற அரை மணி நேரம் கூடுதலாக இழுத்தடித்த குடோன்காரருக்கு, அந்த அரை மணி பண்ணாரியில் முழு இரவாகிவிடும் என்பது தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. மறுநாள் காலை 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் நிற்கும் டிரைவரிடம்தான் "ஏன்யா இவ்வளவு லேட்டு?" என்று கேட்பார்கள்.

லேட் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் டிரைவர் முதலில் பார்ப்பது செல்போனைத்தான். சிலர் அதை அணைத்து வைத்துவிடுவார்கள். விவரமானவர்கள், சரக்கு வரவழைக்கும் பார்ட்டி கூப்பிடுவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். காரணம், அங்கே சரக்கு இறக்கக் காத்திருக்கும் லோடுமேன்கள். லாரி சாயங்காலம் வராது என்று மதியமே தெரிந்தால் அவர்கள் வேறு வண்டிக்குப் போவார்கள், காலையில் திரும்பி வருவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி எட்டு மணிக்குப் போய் நின்றால் திட்டும் கிடைக்கும், சரக்கும் இறங்காது. "டோல்கேட் தாண்டிட்டேன் சார், அரை மணியில வந்துருவேன்" என்ற பழைய பொய்க்கும் இப்போது வழியில்லை. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. எந்த டோல்கேட்டை எத்தனை மணிக்கு வண்டி தாண்டியது என்பது ஓனர் செல்போனில் குறுஞ்செய்தியாக விழுந்துவிடுகிறது.

பொய் சொல்ல முடியாத இன்னொரு கடிகாரம், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு என்று கணக்கு. 2020 வரை இது 100 கிலோமீட்டராக இருந்தது. நாக்பூர் பக்கம் கியர்பாக்ஸ் போய் வண்டி இரண்டு நாள் நின்றால், கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம் என்ற இடைவெளிக்குள் அதை நீட்டித்தாக வேண்டும். டிரைவர் ஆபீசுக்குச் சொல்லி, அவர்கள் கணினியில் காரணம் பதிய வேண்டும். மறந்தால் வண்டியும் சரக்கும் பிடிபடும். சரக்கு உரிமையாளரே முன்வந்து மீட்டாலும் வரியைப் போல இரு மடங்கு அபராதம்.

இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2020 ஜனவரியில் ஹைதராபாத்தில் காகிதம் ஏற்றிப் போன ஒரு டிராலி ஆட்டோ, அரசியல் ஊர்வலத்தால் சாலை அடைபட்டுக் குறித்த நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஈ-வே பில் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி வணிக வரித் துறை சரக்கைப் பிடித்து 69,000 ரூபாய் வசூலித்தது. சத்யம் சிவம் பேப்பர்ஸ் என்ற அந்த நிறுவனத்தின் வழக்கில் தெலங்கானா உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி, 10,000 ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜனவரியில் அதைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், செலவுத் தொகையில் இன்னும் 59,000 ரூபாயைக் கூட்டியது. சாலை அடைபட்டால் வண்டி ஓட்டுபவர் என்ன செய்வார் என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டது. ஆனால், நடு ரோட்டில் நிறுத்தி வைக்கப்பட்ட டிரைவர் தீர்ப்பின் நகலைக் காட்டி வாதாடவா முடியும்?

தாமதத்துக்குப் பிடித்தம் எவ்வளவு என்பதற்கும் சட்டம் உண்டு. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, ஒப்புக்கொண்ட காலத்துக்குள் அடங்கும் தாமதத்துக்கு டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு வாடகைத் தொகையைத் தாண்டாது. நடைமுறை வேறு. லோடு ஏற்றும்போது அட்வான்ஸ், இறக்கிக் கையெழுத்து வாங்கிய பிறகு பேலன்ஸ் என்பது லாரித் தொழிலின் வழக்கம். பேலன்ஸ் பணம் பார்ட்டி கையில் இருக்கும்வரை அவர் பிடித்ததுதான் பிடித்தம். அதில் ஒரு பங்கு பல இடங்களில் டிரைவரின் பேட்டாவில் வந்து இறங்குகிறது. கோயம்பேட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் வண்டி என்றால் இன்னும் மோசம். சில்லறை வியாபாரிகள் விடியற்காலையில் வாங்கிப் போன பிறகு வரும் தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும்!

இத்தனைக்கும் லாரியின் நேரத்தை அதிகம் தின்பது சாலை இல்லை, குடோன் வாசல். குறித்த நேரத்துக்கு வந்த வண்டியை "இடமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்று வரிசையில் நிறுத்துவார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு நாள். குளிக்க வசதி இருக்காது. உள்ளே இருக்கும் கழிப்பறைக்கு டிரைவரை விட மாட்டார்கள். வண்டி ஓடாத நாளுக்கும் வண்டிக் கடனின் தவணை ஓடும். காத்திருப்புக் கூலியான ஹால்ட்டிங் கேட்டால், எப்போது வந்தாய் என்று எதிர்க்கேள்வி வரும். அதனால்தான் அனுபவப்பட்ட டிரைவர்கள் வாசலில் கால் வைத்ததும் போர்டு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புகிறார்கள். கேட் என்ட்ரி சீட்டைப் பத்திரப்படுத்துகிறார்கள். தாமதத்தைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழிகளில் உருப்படியானது இதுதான் என்பேன்.

மற்றொரு வழி தூக்கத்தை விடுவது. வாசலில் போன நாளை ரோட்டில் பிடிக்க ராத்திரி முழுக்க ஓட்டுகிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேர வேலை என்றது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்ற விதியோ 2018-ல் எடுக்கப்பட்டுவிட்டது. பல வண்டிகளில் கிளீனரும் இல்லை. கண் செருகினால் தட்டி எழுப்பக்கூட ஆள் கிடையாது.

சரக்கு வரவழைக்கும் வியாபாரிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லாரி வாசலுக்கு வந்த நேரத்தையும் வெளியே விட்ட நேரத்தையும் லாரி ரசீதின் (எல்.ஆர்.) பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேலன்ஸில் பிடிப்பதற்கு முன் அந்த இரண்டு நேரத்தையும் ஒரு தடவை பாருங்கள்.