'பேக்' பட்டனும் பழைய பக்கமும்: வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

சரக்குக்கு ஆர்டர் கொடுப்பது, வரி கட்டுவது, இ-வே பில் போடுவது என்று நமது வியாபாரத்தில் பாதி வேலை இன்று கணிப்பொறியிலும் செல்போனிலும்தான் நடக்கிறது. கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் மழை பிடித்தால் மின்சாரமும் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். வேலை பாதியில் நின்றதும் நம்மில் பலர் 'பேக்' பட்டனை அழுத்தி, முந்தைய பக்கத்துக்குப் போய், மறுபடியும் 'சப்மிட்' கொடுக்கிறோம். இரட்டைச் செலவும் வீண் தகராறும் இங்கேதான் ஆரம்பமாகின்றன.

நடப்பது என்ன?

நாம் திறக்கும் பக்கத்தின் நகல் ஒன்றைப் பிரவுசர் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. 'பேக்' அழுத்தினால் பெரும்பாலும் அந்த நகலையே காட்டும். கம்பெனியின் கணிப்பொறியிடம் புதிதாகக் கேட்பதில்லை. காலையில் எழுதி மாட்டிய விலைப்பலகையை மாலையில் பார்ப்பது போலத்தான் இது. இருப்பு 40 மூட்டை என்று அதில் தெரிந்தாலும், அதற்குள் வேறு கடைக்காரர் வாங்கி முடித்திருக்கலாம்.

அதோடு, 'பேக்' அழுத்துவதால் கொடுத்த ஆர்டர் ரத்தாகாது. ஆர்டர் புத்தகத்தில் முந்தைய தாளைப் புரட்டினால் லாரி ஏறிய சரக்கு திரும்பி வந்துவிடுமா? நாம் அனுப்பிய ஆர்டர் போய்ச் சேர்ந்து, 'பெற்றுக்கொண்டோம்' என்ற பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம். திரையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மறுபடி அனுப்பினால் 10 டின் எண்ணெய் 20 டின் ஆகும். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வந்த சரக்கைத் திருப்பி அனுப்ப வண்டி வாடகை யார் கொடுப்பது? 'ரிஃப்ரெஷ்' அழுத்தும்போது, படிவத்தை மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் சில சமயம் கேட்பதும் இதனால்தான். யோசிக்காமல் 'ஓகே' கொடுக்கக் கூடாது.

இ-வே பில்லும் சலானும்

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்ப இ-வே பில் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. ஒரே பில் எண்ணுக்கு இரண்டாவது இ-வே பில் போட முடியாதபடி 2019-இல் அந்தத் தளத்தில் தடை வைத்தார்கள். அவசரத்தில் இரண்டு முறை அழுத்தினாலும் பில் எண் நம்மைக் காப்பாற்றுகிறது.

ஜி.எஸ்.டி. பணம் கட்டுவது அப்படியல்ல. ஒவ்வொரு சலானுக்கும் 14 இலக்கத்தில் தனி எண் உண்டு. புதுச் சலான் போட்டால் புது எண். இரண்டுக்கும் பணம் போய்விடும். அந்தப் பணம் தொலையாது. நமது ரொக்கப் பேரேட்டில் நிற்கும்; அடுத்த வரிக்கு எடுத்துக்கொள்ளலாம், அல்லது திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் சிறு வணிகருக்குக் கைமுதல் முடங்குவது சிறிய விஷயமா? வங்கியில் பணம் கழிந்து பேரேட்டில் ஏறவில்லை என்றால், 24 மணி நேரம் பொறுத்து, பி.எம்.டி.-07 படிவத்தில் புகார் செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. வேலை பாதியில் நின்றால் 'பேக்', 'ரிஃப்ரெஷ்' இரண்டையும் தொடாதீர்கள். புதிதாக உள்ளே போய், ஆர்டர் பட்டியலையோ சலான் பட்டியலையோ முதலில் பாருங்கள்.

2. வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததா என்று பார்க்காமல் மறுபடி கட்டாதீர்கள்.

3. சலான் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் உடனே நோட்டில் குறித்து வையுங்கள்.

4. பலர் புழங்கும் கடைக் கணிப்பொறியில், 'லாக் அவுட்' செய்த பிறகும் 'பேக்' அழுத்தினால் சில தளங்களில் நமது கணக்குப் பக்கம் தெரியும். ஆகவே பிரவுசரையே மூடிவிடுங்கள்.

சொந்தமாக ஆர்டர் எடுக்கும் தளம் அமைக்கும் மொத்த வியாபாரிகள், அதைச் செய்து தருபவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு ஆர்டர் படிவத்துக்கும் ஒருமுறை மட்டுமே செல்லும் எண் இருக்க வேண்டும். ஆர்டர் பதிவானதும் ரசீதுப் பக்கம் தனியாகத் திறக்க வேண்டும். அப்போது 'ரிஃப்ரெஷ்' செய்தாலும் ரசீதுதான் மறுபடி வரும், ஆர்டர் மறுபடி போகாது. கணக்கு, இருப்பு காட்டும் பக்கங்களை நகல் எடுத்து வைக்கக் கூடாது என்று பிரவுசருக்கு உத்தரவு கொடுத்திருக்க வேண்டும்.

திரையில் தெரிவது நகல். உண்மைக் கணக்கு மறுமுனையில் இருக்கிறது. கணக்கைப் பார்த்த பிறகே பட்டனை அழுத்துவது என்று கடைப் பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டால், நஷ்டம் பாதி குறையும்.