சுவரில் ஏறும் நீர்

தை பிறந்து மாரி ஓய்ந்ததும் சண்டிலிப்பாய் ஒழுங்கைகளிற் செல்வோர், பழைய கல்வீடுகளின் வெளிச்சுவர்களைச் சற்றே நின்று நோக்குவாராயின், பலவற்றில் ஒரே வகையான காயத்தைக் காண்பர். நிலத்திலிருந்து இடுப்பளவு உயரம் வரை சுவர் கறுத்திருக்கும். அதற்கு மேலே வெள்ளை வெளேரென உப்புப் பூத்திருக்கும். தீந்தை கொப்புளித்து வெங்காயத் தோல்போல் உரியும். பூச்சைத் தட்டினால் வெறும்பானையைத் தட்டிய ஓசை எழும். வீட்டுக்காரர் மேசனை அழைப்பார். மேசனும் உரிந்ததைக் கொத்தி நீக்கிச் சீமெந்தினால் இறுக்கிப் பூசிவிட்டுப் போவார். அடுத்த மாரியில் அதே காயம் முன்னையிலும் ஒரு சாண் மேலே தோன்றும். இவ்வாறு ஆண்டுதோறும் பணத்தைச் சுவரில் அப்பும் குடும்பங்கள் நம்மிடையே பல. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் இவ்வழியே கரைவதுண்டு.

இதற்குக் காரணம் மேசனின் கைத்திறக் குறைவன்று. சுவரின் இயல்பை நாம் மறந்தமையேயாம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்தது. நம் முன்னோர் அக்கல்லை வெட்டியெடுத்து, அதே கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினால் இணைத்து, அதே சுண்ணாம்பினாற் பூசி வீடு கட்டினர். கடலோரங்களில் முருகைக்கல்லும் பயன்பட்டது. சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால் காபனீரொட்சைட்டு வாயு நீங்கும். எஞ்சியதில் நீர் விட்டால் அது கொதித்து நீறும். அந்தச் சாந்தைச் சுவரிற் பூசிய பின், நீங்கிய வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல உறிஞ்சி அது மீண்டும் கல்லாகிறது. வெற்றிலையில் நாம் தடவும் சுண்ணாம்பும் இதுவே.

இத்தகைய சுவர் முழுவதும் நுண்டுளைகள் நிறைந்தது. மாரியில் ஈரத்தைக் குடிக்கும். வெயில் எறிக்கும் நாளிலும் சோளகம் வீசும் காலத்திலும் குடித்ததைத் திருப்பிக் கொடுக்கும். நூறாண்டுகள் நின்ற வீடுகள் இக்கொடுக்கல் வாங்கலினாலேயே நின்றன. அதன்மேற் கடினமான சீமெந்துப் பூச்சை இட்டால் நிகழ்வது யாது? அடியிலிருந்து ஏறும் நீருக்கு வெளிவரும் வழி அடைபடுகிறது. வெடிப்புகளின் வழியே மழைநீர் உட்புகும், புகுந்தது மீளாது. நிலத்து உப்பைக் கரைத்துக்கொண்டு ஏறிய நீர், பூச்சில்லாத உயரம் வரை சென்று அங்கே உலரும். அல்லது பூச்சின் பின்புறத்திலேயே உலரும். உலரும்போது உப்பு பளிங்காக விரிந்து, மென்மையான கல்லையும் சாந்தையும் பொடியாக்கும். வெளியே சீமெந்து முழுதாக நிற்க, உள்ளே சுவர் மாவாகிக் கொண்டிருப்பதை நான் பல இடங்களிற் கண்டிருக்கிறேன்.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செங்கல்லை உப்புநீர் ஊற்றிய தட்டில் நிறுத்தி வையுங்கள். சில நாட்களில் நீர்மட்டத்திற்கு மேலே வெள்ளைப் பூப்புத் தோன்றும். இன்னொரு கல்லின் நடுப்பகுதியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி அதேபோல் நிறுத்துங்கள். பூப்பு எவ்வளவு உயரத்திற்கு ஏறியது என்பதை ஒப்பிட்டால், இக்கட்டுரையிலும் தெளிவாக அக்கல் உங்களுக்கு விளக்கும்.

சீமெந்து தீய பொருள் என்பது என் கருத்தன்று. இங்கிலாந்தில் யோசப் அசுப்டின் என்பார் 1824 இல் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். அது இல்லாவிடில் இன்றைய பாலங்களும் மாடிகளும் இல்லை. கொங்கிறீற்றுக்கும் சீமெந்துக் கற்சுவருக்கும் அது பொருத்தமானதே. நம்மூர்ச் சுண்ணக்கல்லையே மூலப்பொருளாகக் கொண்டு காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 இல் சீமெந்து உற்பத்தியைத் தொடங்கியபோது நாம் பெருமையுற்றதும் நியாயமே. 1990 இல் அத்தொழிற்சாலை ஓய்ந்தது; அது பழக்கிவிட்ட பூச்சு மட்டும் ஓயவில்லை.

காலமும் நம் சுவர்களுக்கு இரக்கங் காட்டவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். 1996 இல் மீண்டவர்களிற் பலர் ஓடும் மரமும் இல்லாத வெறுஞ் சுவர்களையே கண்டனர். மீளாதோர் வீடுகளில் ஆலும் அரசும் வேர்விட்டன. கூரையற்ற சுவர் தலைவழியாக நீர் குடிக்கும்; அதைவிடப் பெருங்கேடு அதற்கில்லை. பின்னர் 2008 நவம்பரில் நிஷா புயலின்போது, யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழை கொட்டியது. ஆண்டு மழையில் இது மூன்றிலொரு பங்கிற்குச் சற்றுக் குறைவு. வழுக்கையாறு பெருகும் அத்தகைய நாட்களிற் பள்ளக் காணிகளில் வெள்ளம் அத்திவாரத்தைச் சூழ்ந்து நிற்கும்.

ஆகவே, திருத்தும் முறை யாது? எங்கள் ஊரின் முதிய மேசன் ஒருவரிடம் இதனைக் கேட்டேன். “மாஸ்ரர், சுவரைப் பாக்க முந்திக் கூரையைப் பாருங்கோ. மழை பெய்யேக்கை குடையோடை வீட்டை ஒருக்காச் சுத்தி நடந்து பாருங்கோ. தண்ணி எங்கை விழுது, எங்கை நிக்குது எண்டு தெரியும்” என்றார். இதனினும் சிறந்த முதற்பாடம் எனக்குத் தெரியவில்லை. விலகிய ஓடு, சருகு அடைத்த பீலி, குறுகிய தாவாரம் ஆகியவற்றை முதலிற் செம்மைப்படுத்தல் வேண்டும். சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணை அரையடியாவது தாழ்த்தி, நீர் முற்றத்தை நோக்கி ஓடச் செய்தல் வேண்டும். முற்றத்தைச் சுவரடி வரை சீமெந்தால் மெழுகும் இக்கால வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கூட்டுவதற்கு வசதிதான், ஆயின் விழும் மழை தெறித்துச் சுவரை நனைக்கும், நிலத்து ஈரமும் சுவர் வழியே மேலேறும்.

நீரின் வழி அடைபட்ட பின்னரே பூச்சைத் தொடல் வேண்டும். சீமெந்தைச் சிற்றுளியால் கல் உடையாவண்ணம் பெயர்த்தெடுத்து, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்தகற்ற வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் உள்ளே போய்விடும். தடித்த சுவர் உலரப் பல மாதங்கள் செல்லும். அவசரப்படுவோர் இவ்விடத்தேதான் இடறுகின்றனர். பின்பு, நன்கு நீறி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் குழைத்து மெல்லிய படைகளாகப் பூசலாம். கடற்கரை மணலும் உவர்க்கிணற்று நீரும் ஆகா. உப்பை நாமே கொண்டுவந்து சேர்த்தவர்களாவோம். தமிழகத்துப் பழைய கொத்தர் கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சாந்திற் சேர்த்தனர். ஒவ்வொரு படையையும் ஈரச்சாக்கினால் மூடி வெயிலினின்று காத்தல் வேண்டும். சுண்ணாம்பு நீறும்போது சிறுவரை அண்டவிடலாகாது. கண்ணிற் பட்டாற் பெருந்தீங்கு.

முருகைக்கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. கடலோர வலயத்தில் அதனை எடுப்பது சட்டத்தினால் தடுக்கப்பட்டது, அத்தடை நல்லதே. உள்நாட்டுக் கல்லிற் சுட்ட சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பு வேலை அறிந்த கைகள் அருகிவருவதே உண்மையான தட்டுப்பாடு. கூலியும் நாட்களும் கூடும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் மூன்று முறை சீமெந்து பூசிய கணக்கோடு வைத்துப் பார்ப்பவர் வேறுவகையாக எண்ணுவர்.

மேற்பூச்சு உலர்ந்ததும் நெகிழி கலந்த தீந்தையைத் தவிர்த்துச் சுண்ணாம்பு வெள்ளையே அடிக்கலாம். மாசியிற் பழைய பூச்சை உரித்தால் சோளகக் காற்றிற் சுவர் உலரும். ஆடியிற் பூசத் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் வெள்ளையும் அடித்து முடிக்கலாம்.