சாம்பல் நிற வியர்வை

அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் 1992இல் விளையாட்டுக் கூடங்களுக்காக வெளியிட்ட ‘மார்ட்டல் காம்பாட்’ வீடியோ கேமில், தோற்றவரின் இதயத்தையே பிடுங்கி எடுக்கலாம். மறுவருடம் அது வீடுகளுக்கு வந்தபோது, கேம் கருவி நிறுவனமான நின்டெண்டோ ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. அதன் போட்டி நிறுவனமான சேகாவோ ரத்தத்தை ரகசியப் பொத்தான் வரிசைக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. விற்பனையில் முந்தியது சேகாதான். பூட்டினால் ஆசை கூடும் என்று வியாபாரிக்குச் சொல்லித்தரவா வேண்டும்? சாயம் மாற்றுவதைவிட, உள்ளே இருப்பதை வெளியே சொல்வதே மேல். 1993 டிசம்பரில் வீடியோ கேம் வன்முறை பற்றி அமெரிக்க செனட் விசாரணை நடக்க, 1994இல் வயதுவாரித் தரக்குறியீடு வந்தது. பெட்டியில் ஒட்டிய ஓர் எழுத்து எந்தச் சிறுவனைத் தடுக்கும் என்று கேட்கலாம். தடுக்காதுதான். ஆனால் அது சிறுவனுக்கானதல்ல. கடையில் காசை எடுத்து நீட்டும் பெற்றோருக்கானது. அதே ஆண்டு நின்டெண்டோவும் இரண்டாம் பாகத்தை எச்சரிக்கை வாசகத்துடன், சிவப்பு ரத்தத்தோடேயே விற்றது.