வலெரியுசை விளித்த குரல்

வகுப்பிலே விளிமரபு கற்பிக்குங்கால், 'மக்கள்' என்பது ஈற்றயல் நீண்டு 'மக்காள்' என விளியேற்கும் என்பேன். 'மக்களே' என்றழைத்துப் பழகிய மாணவர் உடனே நகைப்பர். வழக்கொழிந்த விதியை ஏன் கற்பிக்கின்றோம் என்னும் ஐயம் எனக்கும் எழுந்ததுண்டு. பழைய உரோமரின் குடிப்பெயர் ஒன்றைப் பற்றிய செய்தியே அதற்கு விடை தந்தது.

கவிஞர் கத்துல்லுசின் முழுப்பெயர் காயுஸ் வலெரியுஸ் கத்துல்லுஸ் என்பது. நடுநின்ற வலெரியுஸ் குடிப்பெயர். அக்குடி ஆடவன் வலெரியுஸ்; பெண் வலெரியா; பலராயின் வலெரியீ. இதில் எகரம் குறிலே. முதலெழுத்தை நம் வகரம்போலப் பல்லும் இதழும் இயைய ஒலியாது, இதழிரண்டையுங் குவித்து ஒலித்தனர் அக்கால உரோமர்.

இலத்தீனில் வேற்றுமைதோறும் பெயரின் ஈறு திரியும். 'வலெரியுசை' எனற்கு வலெரியும். 'வலெரியுசுக்கு' எனற்கு வலெரியோ. சிசரோ காலத்தில் 'வலெரியுசினுடைய' எனற்கும் வலெரீ. அவனை விளித்தற்கும் வலெரீ. எழுத்து ஒன்றே, வேறுபாடு யாது?

கி.மு. 45இல் மறைந்த நிகிதியுஸ் பிகுலுஸ் என்னும் இலக்கண அறிஞர் விடை கூறினார்: உடைமைப் பொருளில் நடுவசையை எடுத்துச் சொல்லுக, விளிக்குங்கால் முதலசையை எடுத்து, ஏனையவற்றைப் படிப்படியே தாழ்த்துக.

காலம் மாறிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அவுலுஸ் கெல்லியுஸ், 'ஆத்திக்க இரவுகள்' என்னும் தம் நூலில் இவ்விதியை எடுத்தோதி, இக்காலத்தில் இங்ஙனம் விளிப்பவன் நகைப்புக்கிடமாவான் என்றும் எழுதிவைத்தார்.

இதனை இலக்கணத்தின் தோல்வி என்றே முதலிற் கருதினேன். பின்னர்த் தெளிந்தேன். கல்லிற் பொறித்த எழுத்திலே குரலின் ஏற்றத்தாழ்வு இல்லை. நிகிதியுசின் இலக்கண நூலும் முழுமையாக எஞ்சவில்லை. பிறர் எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. நகைப்புக்குரியது என்று அறிந்தும் கெல்லியுஸ் அவ்விதியைப் போற்றி எழுதியமையாலன்றோ, வலெரியுசை அவன் நண்பர் அழைத்த குரல் இன்றும் நம் செவிக்கு எட்டுகின்றது!

'மக்காள்' என்பதும் அத்தகையதே. ஒருகாலத்தே தம் மக்களைக் கூவியழைத்தோர் குரலின் நீட்சி அந்த ஆகாரத்தில் அடங்கியிருக்கின்றது. ஆதலின், மாணவரின் நகைப்பை இப்பொழுது நான் அடக்குவதில்லை. அவர்கள் நகைத்து ஓய்ந்தபின் வலெரியுசின் கதையைச் சொல்லுகின்றேன். பின்னர்ச் சூத்திரத்தை ஒருமுறை உரக்கச் சொல்லச் செய்கின்றேன்.