கமரா கண்டதும் நாம் காணாததும்

தமிழ்ப் பண்டிதனுக்கும் கமராவுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவுதல் நியாயமே. ஏடும் எழுத்தாணியும் போய்த் தாளும் பேனாவும் வந்தபோது பண்டிதர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டனர். கணினி வந்தபோது சிறிது தயங்கினர். பின்னர் அதனையும் ஏற்றுக்கொண்டனர். கமரா மாத்திரம் அவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் மணமக்களைச் சுற்றிச் சுற்றி வருகின்ற ஒரு பொருள் என்ற அளவிலேயே அதனை அறிந்திருந்தவன் நான்.

சென்ற ஆண்டிலே அது என் வீட்டு விறாந்தைக்கே வந்துவிட்டது. கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். புறப்படும் நாளன்று, தாம் கொண்டுவந்த புதிய டிஜிற்றல் கமரா ஒன்றை மேசைமேல் வைத்தார். "ஐயா, பிள்ளையளைக் கொண்டு ஏதாவது நல்ல படம் எடுப்பியுங்கோ" என்று சொல்லி விடைபெற்றார். பொருளோ ஒரு புத்தகத்தின் கனந்தான். எதனைப் படம் எடுப்பது என்பது அதனினும் கனத்த வினாவாயிற்று.

அவ்வினாவுக்கு விடை அயலூரில் இருந்தது. அங்கே பழைய அச்சுக்கூடம் ஒன்று. ஈய எழுத்துக் கோத்து, காலால் மிதிக்கும் இயந்திரத்தில் அச்சடிக்கும் முறையை அங்கே கைவிட்டுப் பல்லாண்டு ஆயிற்று. ஆயினும் எழுத்துப் பெட்டிகள் சுவரோரத்தில் அப்படியே இருந்தன. இடம் வேண்டியதாகலின் அவற்றை நிறைக்கு விற்க உரியவர்கள் தீர்மானித்தார்கள். ஈயம் வாங்குபவர் வரும் நாளும் குறித்தாயிற்று. அவ்வச்சுக்கூடத்திலே ஐம்பது ஆண்டு எழுத்துக் கோத்த முதியவர் ஒருவர் உளர். வயது எண்பதைக் கடந்தவர். எழுத்துக்கள் போகுமுன் அவர் கை எழுத்துக் கோக்கும் வண்ணத்தைப் படம்பிடித்து வைப்பது என்று நானும் என் மாணவர் இருவரும் முடிவு செய்தோம். எங்களுக்கு இருந்தவை இரண்டு சனிக்கிழமைகள்.

முதற் சனிக்கிழமை

முதல் நாளில் எங்கள் ஊக்கத்துக்குக் குறைவில்லை. கமராவினுள்ளே 128 கிகாபைற்று நினைவட்டை ஒன்று இருந்தது. செக்கனுக்கு 100 மெகாபிற்று வீதம் பதிவு செய்தால், அவ்வட்டை ஏறத்தாழ 2 மணி 50 நிமிடத்துக்குப் படத்தைக் கொள்ளும். ஒவ்வொரு படத்திலும் அகலத்தில் 3840 புள்ளிகள். உயரத்தில் 2160 புள்ளிகள். எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளாலே ஒரு படம் ஆகின்றது. இத்துணைப் பெருஞ்செல்வம் கையில் இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு? பொத்தானை அழுத்தினோம், அட்டை நிறையும்வரை எடுத்தோம்.

மாலையிலே கணினித் திரையிற் பார்த்தோம். முதியவருடைய முகத்தின்மேலும் கைகளின்மேலும் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக ஊர்ந்து சென்றன. கமரா பழுது என்று மாணவர் கலங்கினர். பழுது கமராவில் இல்லை. எங்கள் அறியாமையில் இருந்தது. நமது நாட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை மாறியோடுவது. ஆதலின் பழைய குழல் விளக்கு, நம் கண்ணுக்குத் தோன்றாதபடி, செக்கனுக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றது. கனடாவிலோ மின்னோட்டம் செக்கனுக்கு 60 முறை மாறுவது. அந்நாட்டு வழக்குக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்த கமராவை அப்படியே நாம் இங்கு இயக்கிவிட்டோம். விளக்கின் துடிப்பும் கமராவின் இமைப்பும் ஒன்றோடொன்று இசையவில்லை. செக்கனுக்கு 25 படங்களாகவும், ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரம் செக்கனில் 50-ல் ஒரு பங்காகவும் மாற்றியபின் அப்பட்டைகள் மறைந்தன.

குறைகள் இன்னும் இருந்தன. கமரா தானாகவே முகத்தைத் தேடிக் கூர்மை செய்யும் ஆற்றல் உடையது. அதனை நாம் பெருமையாக எண்ணியிருந்தோம். முதியவரின் விரல்களைப் படம்பிடித்துக்கொண்டிருக்கும்போது, பின்னே மாணவர் ஒருவர் நடந்தால், கமரா விரல்களைக் கைவிட்டு அவர் முகத்தைப் பற்றிக்கொண்டது. விரல்கள் மங்கின. யன்னல் வெளிச்சம் ஒரு நிறம்; குழல் விளக்கு வேறொரு நிறம். இரண்டுக்கும் இடையே கமரா நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்தது. கமராவின் ஒலிவாங்கியோ முதியவரின் சொற்களை விட்டு மின்விசிறியின் இரைச்சலைச் சேகரித்தது.

இவையெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். திருத்த முடியாத குறை ஒன்றும் இருந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் படத்திலே, இதனைக் காட்டவேண்டும் என்று கருதி எடுத்த பகுதி மூன்று நிமிடமும் இல்லை.

குறைந்த பிலிமும் நிறைந்த கருத்தும்

அன்றிரவு பழைய கதைகளை எண்ணிப் பார்த்தேன். 1895-ல் பாரிஸ் நகரிலே படங்காட்டிய லூமியர் சகோதரரின் பிலிம் ஏறத்தாழ 17 மீற்றர் நீளம். ஓடும் நேரம் 50 செக்கன் அளவு. பொழுதுபோக்காகப் படம் எடுப்போருக்கென்று 16 மில்லிமீற்றர் பிலிம் 1923-ல் வந்தது. அதன் நூறடிச் சுருள் ஒன்று, செக்கனுக்கு 24 படம் வீதம் ஓடினால், 2 நிமிடம் 46 செக்கனில் முடிந்துவிடும். சுருளுக்கும் காசு, அதனைக் கழுவுதற்கும் காசு. ஆதலின் பொத்தானை அழுத்துமுன் மனிதன் சிந்தித்தான். சிந்திக்க வைத்தது அவனுடைய வறுமை என்றாலும் குற்றமில்லை.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இலண்டனிலே பத்திரிகையாளராக இருந்த காலத்தில், ஆர்வலராகக் குறும்படம் எடுத்துப் பழகியவர். அவர் பின்பு 1956-ல் அளித்த 'ரேகாவ' ஸ்ரூடியோவை விட்டு வெளிவெளியிலே எடுக்கப்பட்டமை யாவரும் அறிந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்களுள் முன்னோடியாகிய 'சமுதாயம்' 1962-ல் வெளிவந்தது. அதுவும் 16 மில்லிமீற்றர்ப் படமே.

சத்யஜித் ரேயின் கதை என் நிலைமைக்கு மிகவும் பொருந்தியது. 1952-ல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கியபோது அவர் ஒரு விளம்பர நிறுவனத்தில் உத்தியோகத்தர். ஓய்வு நாள்களிலேதான் படப்பிடிப்பு. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவோ அதற்குமுன் சினிமாக் கமராவை இயக்கியதில்லை. வெண்ணிற நாணற்பூக்கள் நிறைந்த வெளியிலே ஒரு நாள் எடுத்தார்கள். மறுவாரம் சென்று பார்த்தால், பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டன. ரே அடுத்த ஆண்டு பூக்கும்வரை காத்திருந்தார். 1955-ல் படம் வெளிவந்தது. நாணல் மீண்டும் பூக்கும். நிறைக்கு விற்ற ஈய எழுத்து மீண்டும் வராது. எங்களுக்கு எஞ்சியிருந்தது ஒரேயொரு சனிக்கிழமை.

முதல், கரு, உரி

எடுக்கவேண்டியவற்றை முன்னரே எழுதிக்கொள்வது என்று தீர்மானித்தோம். எந்த ஒழுங்கில் எழுதுவது? சினிமாக் கலை நூல்களை நான் கற்றவனல்லன். கற்றது தொல்காப்பியம். அகப்பாட்டுக்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வேண்டும் என்று அந்நூல் வகுத்திருக்கின்றது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய பொருள்கள் கரு. மனிதர் உள்ளத்து நிகழ்வது உரி. எங்கள் படத்துக்கும் அதனையே ஒழுங்காகக் கொண்டோம்.

அச்சுக்கூடத்தின் வாயில், காலை வெயில், தூசி படிந்த யன்னல்: இவை முதல். எழுத்துப் பெட்டிகள், அவற்றின் சிறு அறைகள், மை, இயந்திரத்தின் மிதிபலகை: இவை கரு. முதியவரின் கையும் முகமும் உரி. எல்லாமாக இருபது காட்சிகள். இருபதுக்குமேல் எடுப்பதில்லை என்று எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம்.

இரண்டாஞ் சனிக்கிழமை மின்விசிறியை நிறுத்தினோம். கூர்மையைக் கையாலேயே சரிசெய்தோம். வெள்ளைத் தாள் ஒன்றைக் கமராவின்முன் பிடித்து, வெண்மை இன்னது என்று அதற்குக் கற்பித்தோம். ஒரு கைத்தொலைபேசியை முதியவரின் சட்டைப் பையில் இட்டு, அவர் குரலை அதிலே பதிவுசெய்தோம். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் மாணவி ஒருமுறை கைதட்டினாள். கை சேர்வதைப் படத்திலும், தட்டிய ஓசையை ஒலியிலும் கண்டு, பின்னர் இரண்டையும் பொருத்துதற்கு அது உதவியது.

முதியவர் கோப்பதற்கு ஒரு வாக்கியத்தை நான் எழுதிக் கொடுத்தேன். 'எழுத்தைக் கோத்த கையே தமிழைக் காத்த கை' என்பது அது. அவர் தாளை ஒருமுறை பார்த்தார். பின்பு பெட்டியைப் பாராமலே எழுத்துக்களை எடுத்தார். ஒவ்வோர் ஈய எழுத்தின் உடம்பிலும் சிறு பள்ளம் ஒன்று உண்டு. அதனை விரல் தொட்டதும் எழுத்தின் தலை எது, அடி எது என்று விளங்கிவிடும். எழுத்தின் முகமோ கண்ணாடியிற் கண்ட எழுத்துப்போல இடவலம் மாறியிருப்பது. அதனைத் தலைகீழாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கோத்துச் செல்வர். 'லை', 'னை' முதலியவற்றின் பழைய வடிவங்களும் பெட்டியிலே இருந்தன. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் பிறந்த என் மாணவர், முன்னே வளைந்த அக்கொம்பைக் கையில் எடுத்து வியப்போடு பார்த்தனர். அவ்வியப்பும் படத்திலே பதிந்தது.

இரண்டு செக்கன்

கணினியிலே படத்தைத் தொகுப்பதற்கு மூன்று வாரம் சென்றது. இருபது காட்சிகளும் ஏழு நிமிடப் படமாயின. தொகுத்தவன் மாணவன், மேற்பார்வை என்னுடையது. எழுத்துக் கோக்கும் காட்சியில் ஓரிடத்திலே முதியவரின் கை பெட்டிமேல் நின்றுவிட்டது. இரண்டு செக்கன், ஐம்பது படங்கள். "ஐயா, இதில ஓட்டம் தடைப்படுது, வெட்டட்டோ?" என்றான். வயதின் தளர்ச்சி என்று நான் எண்ணினேன். அவருக்குக் குறைவாகும் என்று கருதி, "வெட்டிவிடு" என்றேன்.

படத்தை முதியவர் வீட்டுக்குக் கொண்டுசென்று காட்டினோம். மக்களும் பேரரும் சூழ இருந்து பார்த்தார். கோக்கும் காட்சி வந்தது. சற்றே முன்னே சாய்ந்தார். முடிந்ததும் கேட்டார்:

"பண்டிதர், அதிலை நான் ஒருக்கால் நிண்டனான். அது எங்கை?"

வெட்டிவிட்டதை ஒளிக்காமற் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நீங்கள் எழுதித் தந்ததிலை ஒரு ககர ஒற்றை விட்டிட்டியள். 'எழுத்தை கோத்த' எண்டு இருந்தது. பண்டிதர் எழுதினதிலை கை வைக்கிறதோ எண்டு யோசிச்சன். பிறகு போட்டிட்டன்."

வீட்டுக்கு வந்து என் கையெழுத்துத் தாளைத் தேடி எடுத்தேன். ஒற்று இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபு விரிந்து நிற்க, வருமொழி முதல் வல்லினம் மிகும் என்று முப்பது ஆண்டு கற்பித்த கை எழுதிய தாள் அது. அச்சான தாளிலே வாக்கியம் திருத்தமாக இருந்தமையால் என் கண் அதிலே தடைப்படவில்லை. அவர் ஒற்றை எடுத்ததைக் கமரா கண்டது. முன்னே தயங்கியதையும் கண்டது. நாங்களும் எத்தனையோ முறை அதனைத் திரையிற் பார்த்தோம். அந்நிறுத்தத்தின் பொருள் எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. உரிப்பொருள் உரிப்பொருள் என்று தேடித் திரிந்தவர்கள், அது கிடைத்த இடத்தைப் பிழை என்று வெட்டிவிட்டோம்.

ஈண்டு டிஜிற்றல் முறைக்கு நன்றி கூறவேண்டும். கணினியில் வெட்டியது மூலப்பதிவை அழிப்பதில்லை. முழுக்காட்சியும் நினைவகத்தில் இருந்தது. அன்றிரவே அவ்விரண்டு செக்கனையும் இருந்த இடத்திற் சேர்த்தோம். முதல் வாரம் எங்களைச் சோம்பேறிகள் ஆக்கிய அதே வளம் இப்பொழுது எங்களைக் காத்தது.

பிரெஞ்சு நாட்டுப் பெண் இயக்குநர் அக்னஸ் வார்தா எழுபது வயதை அடைந்தபின் சிறிய டிஜிற்றல் கமரா ஒன்றைக் கையில் எடுத்தவர். அறுவடையான வயலிலே எஞ்சியதைப் பொறுக்குவோரைப் பற்றி அவர் 2000-ல் ஒரு படம் அளித்தார. கமராவை நிறுத்த மறந்து அவர் நடந்தபோது, வில்லையின் மூடி தொங்கி ஆடியது தானாகவே பதிவாகிவிட்டது. அதனை அவர் எறிந்துவிடவில்லை. இசை சேர்த்துப் படத்திலேயே வைத்தார். எஞ்சியதைப் பொறுக்கும் மனிதரைப் பற்றிய படத்திலே அதுவும் பொறுக்கத்தக்கது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அத்தெளிவு வருவதற்கு ஒரு முதியவர் வேண்டியிருந்தார்.

ஈயம் வாங்குபவர் குறித்த நாளில் வந்து பெட்டிகளை ஏற்றிச் சென்றார். படத்தின் பிரதி ஒன்று என்னிடத்தும், ஒன்று மாணவரிடத்தும், ஒன்று கனடாவிலும் உள்ளது. நினைவட்டையும் வட்டும் என்றும் நிலைப்பன அல்ல. ஏட்டைப் பெயர்த்தெழுதியதுபோல இவற்றையும் சில ஆண்டுக்கொருமுறை புதியதிற் பெயர்த்து வைத்தல்வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஏதோ ஒரு கமரா இருக்கின்றது. ஊரிலே தொழில் அறிந்த முதியவர்களும் இருக்கின்றார்கள். எடுக்கவேண்டியதை எழுதிக்கொண்டு செல்லுங்கள். குறைவாக எடுங்கள். எடுத்ததை அத்தொழில் அறிந்தவருக்குக் காட்டிய பின்பு வெட்டுங்கள். எங்கள் ஏழு நிமிடப் படம் இப்பொழுது ஏழு நிமிடமும் இரண்டு செக்கனும் ஓடுகின்றது.